பெங்களூர் நாகரத்தினம்மாள்

பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952): கருநாடக இசைப் பாடகி. மைசூர் சீமையின் நஞ்சன்கூட்டில் தேவதாசி மரபில் பிறந்தார். இளம் வயதிலேயே மைசூர் அரசவையில் பாடிப் பெயர் பெற்றவர், பின்னர் சென்னையில் குடியேறினார்.

தனிக் கச்சேரி, இசைத்தட்டு, கதாகாலட்சேபம் எனப் பல வழிகளில் சம்பாதித்தார். சென்னையில் வருமான வரி கட்டிய முதல் பெண் கலைஞர் இவரே என்பர். அந்தக் காலத்துப் பாடகி ஒருவருக்கு இது சாதாரணச் சங்கதி அல்ல.

முத்துப்பழனியின் ‘ராதிகா சாந்தவனமு’ என்ற தெலுங்குக் காவியத்தை 1910இல் பதிப்பித்தார். ஆபாசம் என்று ஆங்கில அரசு தடை விதித்தது; தடை நீங்கியது 1947இல்தான்.

திருவையாற்றில் பாழடைந்து கிடந்த தியாகராசர் சமாதியைக் கண்டு, நகைகளையும் சொத்தையும் விற்றுக் கோயில் எழுப்பினார். குடமுழுக்கு 1925இல் நடந்தது. ஆனால் அங்கு நடந்த தியாகராசர் ஆராதனை விழாவில் பெண்கள் பாட அனுமதியில்லை. கோயில் கட்டியவருக்கே இந்தக் கதி! சளைக்காமல் 1927இல் பெண்களைத் திரட்டித் தனியே விழா எடுத்தார். தனித்தனியே விழா நடத்திய அணிகள் பின்னர் ஒன்றாயின.

அவரது சமாதி தியாகராசர் சமாதிக்கு எதிரிலேயே உள்ளது.