சாகு, சவ்வு, ஜவ்வரிசி

சின்னசேலம் பக்கம் அதைச் ‘சேகோ’ என்பார்கள். ஆலையில் உருண்டு காய்ந்த அதே மணி மளிகைக் கடைக்கு வந்ததும் ‘ஜவ்வரிசி’. இரண்டுக்கும் தாய் ஒரே மலாய்ச் சொல்தான். மலாய்த் தீவுகளில் ஒருவகைப் பனையின் தண்டிலிருந்து எடுக்கும் மாவுக்குச் ‘சாகு’ என்று பெயர். கடல்வழி நேரே வந்தது சவ்வரிசி, பிறகு ஜவ்வரிசி. ஆங்கிலத்தைச் சுற்றி வந்தது சேகோ. தெலுங்கில் சக்குபிய்யம், கன்னடத்தில் சப்பக்கி: பிய்யமும் அக்கியும் அரிசிதானே. ஆகவே முன்பாதி சாகு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தமிழ்க் காதுக்கு மட்டும் அது ‘சவ்வு’ என்று விழுந்தது.

பொருளும் மாறிப்போனது. இரண்டாம் உலகப் போரில் மலாயாச் சரக்கு நின்றபோது, சேலத்தில் மரவள்ளிக்கிழங்கு மாவிலேயே மணி உருட்டத் தொடங்கினார்கள். கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினர் பயிரிடும் கிழங்கும் ஆலைக்கு இறங்குகிறது. பனை போனது, பெயர் அசையவில்லை. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததுகூடச் சேகோ, ஜவ்வரிசி என்ற இரண்டு பெயரையும் சேர்த்துத்தான்.

ஆனால் காது கேட்டது பொருத்தமாகவே கேட்டது. மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் கண்ணிகள் கோத்த நீண்ட சங்கிலி. காய்ந்த மணியில் அது விறைத்துக் கிடக்கும். தண்ணீரின் சின்ன மூலக்கூறுகள் சூட்டோடு இடையில் நுழைந்ததும் சங்கிலிகள் விலகி நகரத் தொடங்கும். ஈர மணியைச் சூடான தட்டில் வறுக்கும்போது மேற்புறம் மட்டும் வெந்து உருண்டை கட்டிக்கொள்வது இதனால்தான். நன்றாக வெந்த கூழைக் கரண்டியில் தூக்கிப் பாருங்கள்: வழியும், அறுந்தால் மேலே சுருங்கும். பாகுநிலையும் மீட்சியும் சேர்ந்த இந்தக் குணத்துக்கு ஜவ்வு என்பதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை.

எவ்வளவு ஜவ்வு என்பதைக் கூடச் சேர்வது தீர்மானிக்கும். பாயசத்தில் சர்க்கரையை முதலிலேயே கொட்டினால் அது தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். மாவு இளகக் கூடுதல் சூடு வேண்டும், மணியின் நடுவே வெள்ளைக் கண் நின்றுவிடும். வடாம் கூழுக்கு எலுமிச்சையை இறக்கிய பிறகே பிழிவார்கள். கொதிக்கும்போது பிழிந்தால் அமிலம் சங்கிலியை அறுத்துக் கூழ் நீர்த்துவிடும்.

காய்ந்த வடாம் மழைக்காலத்தில் நமுத்துப்போவதும் காற்றின் ஈரம் உள்ளே நுழைவதால்தான். வெயிலில் போட்டால் திரும்ப விறைக்கும். மரவள்ளி மாவில் வளையும் பை செய்கிறவர்கள் தண்ணீரை நம்புவதில்லை, கிளிசரின் சேர்க்கிறார்கள். அது வெயிலுக்கு அவ்வளவு எளிதில் ஆவியாவதில்லை.