ராயல்டி கருணைப் பணமான கதை

பட்ஜெட் என்றாலே எண்கள்தான் என்று நினைக்கிறோம். என் பொறியியல் வேலையில் எண் மாறினால்தான் விளைவு மாறும். அரசாங்கக் கணக்கில் அப்படியில்லை. எண்ணைத் தொடாமல் பெயரை மட்டும் மாற்றி ஒரு மாநிலத்தையே முடக்கலாம். திரங்கானுவில் அதுதான் நடந்தது.

1974இல் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டம் வந்தது. மாநிலங்கள் எண்ணெய் உரிமையைப் பெட்ரோனாஸுக்கு எழுதிக்கொடுத்தன. பதிலுக்கு, எடுக்கும் எண்ணெயின் மதிப்பில் 5 விழுக்காடு மாநிலத்துக்கு, இன்னொரு 5 விழுக்காடு மத்திய அரசுக்கு. இதைத்தான் எல்லாரும் ராயல்டி என்கிறார்கள். 1978இல் திரங்கானு கடலில் எண்ணெய் எடுக்கத் தொடங்கியதிலிருந்து, மாநில வருமானத்தின் பெரும்பகுதி இந்தப் பணம்தான்.

1999 நவம்பர் பொதுத்தேர்தலில் பாஸ் கட்சி அங்கே 32 சட்டமன்றத் தொகுதிகளில் 28ஐப் பிடித்தது. ஹாடி அவாங் மந்திரி பெசார் ஆனார். அடுத்த வருஷமே ராயல்டி நின்றது. எண்ணெய் கிடைப்பது கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பால், அது மாநிலத்தின் எல்லைக்குள் வராது என்றது மகாதீர் அரசு. அந்தக் கிணறுகள் 1978இலும் அதே கடலில்தான் இருந்தன!

பணத்துக்கு 'வாங் எஹ்சான்' என்று புதுப்பெயர் வைத்து, மத்திய அரசு தன் இலாகாக்கள் வழியாகவே செலவு செய்தது. எஹ்சான் என்றால் கருணை, நற்செயல். ராயல்டி மாநில பட்ஜெட்டுக்குள் வரும். சட்டமன்றத்தில் அதற்குக் கணக்குக் கேட்கலாம். கருணைப் பணம் சட்டமன்றத்தின் பக்கமே வராது. மாநில அரசு நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு முடிவதற்குள் அடுத்த தேர்தல் வந்துவிட்டது.

2004இல் பாரிசான் திரங்கானுவை மீட்டது. ஆனால் சொந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தும் ராயல்டி உடனே திரும்பவில்லை. கையில் சிக்கிய பிடியை யாரும் லேசில் விடுவதில்லை. 2009இல் கிளந்தான் ராயல்டி கேட்டபோதும், நஜிப் அரசு தருவதாகச் சொன்னது வாங் எஹ்சான்தான். 2018இல் எண்ணெய் மாநிலங்களுக்கு 20 விழுக்காடு என்று வாக்குறுதி தந்த கூட்டணிக்குத் தலைமை தாங்கியவர் அதே மகாதீர். 22 மாதங்களில் அந்த ஆட்சி கவிழ்ந்தது. 20 விழுக்காடு வரவேயில்லை.

இது எண்ணெய் மாநிலங்களின் கதை மட்டுமல்ல. எதிர்க்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குத் தொகுதி ஒதுக்கீடு தராமல் வைத்திருந்ததும் இதே வழக்கம்தான். தமிழ்ப்பள்ளிகளுக்குச் 'சிறப்பு ஒதுக்கீடு' என்று அறிவிக்கும்போது நாமும் கைதட்டுகிறோம். சிறப்பு என்றால், அடுத்த வருஷம் அது இல்லாமலும் போகலாம் என்று அர்த்தம்.