உயர்நிலைப் பள்ளி வாழ்க்கை: கடலூரும் சிதம்பரமும் (1940–1978)

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் இயங்கிய உயர்நிலைப் பள்ளி, ஐந்தாம் வகுப்போடு முடிந்த தொடக்கக் கல்விக்கும் கல்லூரிக்கும் இடைப்பட்ட ஆறாண்டுப் படிப்பை வழங்கிய நிறுவனமாகும். இந்த ஆறாண்டுகள் முதல் பாரம் தொடங்கி ஆறாம் பாரம் வரை எண்ணப்பட்டன; முதல் பாரம் இன்றைய ஆறாம் வகுப்புக்கும், ஆறாம் பாரம் அன்றைய பதினோராம் வகுப்புக்கும் நிகரானவை. இரண்டு ஊர்களும் அக்காலத்தில் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. கடலூர் அதன் தலைநகரம். (1993இல் அம்மாவட்டம் கடலூர், விழுப்புரம் என இரண்டாகப் பிரிந்தது.) உயர்நிலைப் பள்ளிக்குள் ஒரு மாணவர் நுழைவதையும் அங்கே நிலைப்பதையும் கட்டணம், பயிற்றுமொழி, பொதுத்தேர்வு ஆகிய மூன்றும் தீர்மானித்தன. முதல் இரண்டு தடைகளும் இக்காலப்பகுதியில் பெரிதும் தளர்ந்தன, மூன்றாவது தளரவில்லை.

தோற்றம்

இவ்வட்டாரப் பள்ளிகளுள் பெரும்பாலானவை அரசு தொடங்கியவை அல்ல. சமயச் சபைகளும் அறக்கட்டளைகளும் தனிப்பட்ட வள்ளல்களும் நிறுவி, பின்னர் அரசு மானியம் பெற்றவை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் கத்தோலிக்கத் திருச்சபையின் புனித வளனார் பள்ளி 1868இல் தொடங்கியது. சிதம்பரத்தில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1864இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மிஷன் பள்ளிகளுக்கு மாற்றாகச் சைவப் பிள்ளைகளுக்கு முறையான கல்வி தர வேண்டும் என்பது அவர் நோக்கம். பச்சையப்ப முதலியாரின் (1754–1794) அறக்கட்டளை நடத்திய உயர்நிலைப் பள்ளியும், செட்டிநாட்டுக் கொடையாளர் பெயரில் அமைந்த இராமசாமி செட்டியார் நகர உயர்நிலைப் பள்ளியும் அந்நகரின் பிற முதன்மைப் பள்ளிகளாகும்.

இவற்றினின்றும் வேறுபட்ட பின்னணியில் எழுந்தது நந்தனார் பள்ளி. சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை அமைத்து, ஊர்ப் பள்ளிகளின் கதவு அடைபட்டிருந்த ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்குப் பள்ளியையும் உண்டு உறையும் விடுதியையும் உருவாக்கினார். சட்டமன்றத்திலும் பணியாற்றிய அவர் 1959இல் மறையும்வரை அந்நிறுவனமே அவரது வாழ்நாள் பணியாக இருந்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மாணவர்களைத் தனிப் பள்ளிகளுக்கு ஒதுக்கியது அரசின் சட்டம். அச்சட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1954இல் செல்லாததாக்கியது. சிதம்பரத்திலோ, சட்டம் ஏதும் இல்லாமல் ஊர் வழக்கமே விலக்கி வைத்தபோது, விலக்கப்பட்டவர்கள் தங்கள் முயற்சியால் பள்ளி கண்டனர்.

படிப்பும் பொதுத்தேர்வும்

சென்னை மாகாணத்தில் மெட்ரிகுலேஷன் தேர்வுக்கு மாற்றாக 1911இல் நடைமுறைக்கு வந்த எஸ்.எஸ்.எல்.சி. என்னும் பள்ளியிறுதிச் சான்றிதழ் முறையே பள்ளியின் நாட்காட்டியையும் பாடத்திட்டத்தையும் வகுத்தது. தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், வரலாறும் புவியியலும் அடங்கிய சமூகப் பாடம் ஆகியவை முதன்மைப் பாடங்கள். ஜூனில் பள்ளி திறந்து, காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளைக் கடந்து, ஆறாம் பாரத்தவர் மட்டும் ‘செலக்‌ஷன்’ எனப்பட்ட தகுதித் தேர்வை எழுதியபின் பொதுத்தேர்வுக்கு அனுப்பப்பட்டனர்.

இம்முறையின் அடையாளம் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம். கெட்டி அட்டையிட்ட அச்சிறு ஏட்டில் மாணவரின் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, சாதி, மச்சம் தழும்பு போன்ற அங்க அடையாளங்கள் ஆகியவற்றோடு பள்ளி மதிப்பெண்களும் பொதுத்தேர்வு மதிப்பெண்களும் பதியப்பட்டு, தலைமையாசிரியரின் கையொப்பமும் முத்திரையும் இடப்பட்டன. தொடக்கத்தில் அதில் தேர்ச்சி, தோல்வி என்ற சொற்களுக்கு இடமில்லை. கல்லூரியில் சேரத் தக்கவர் யார் என்பது மதிப்பெண்களைக் கொண்டு தனியே அறிவிக்கப்பட்டது. எனவே ஆறாம் பாரம் முடித்தவர்கள் ‘எலிஜிபிள்’ ஆனவர், ‘கம்ப்ளீட்டட்’ ஆனவர் என இருவகையாகப் பேசப்பட்டனர். வேலை மனு, கல்லூரி விண்ணப்பம், ஓய்வூதியத்துக்கான வயதுக் கணக்கு ஆகிய அனைத்துக்கும் அப்புத்தகமே ஆதாரமானதால், சேர்க்கை நாளில் வாத்தியார் தம் கணிப்பில் எழுதிவிட்ட பிறந்த தேதியே பலருக்கு ஆயுள் முழுவதும் சட்டப்படியான பிறந்த நாளாக நிலைத்தது.

ஆசிரியர்கள்

உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்குள் தெளிவான படிநிலை இருந்தது. பட்டப்படிப்புக்குப் பின் எல்.டி. அல்லது பி.டி. என்னும் ஆசிரியப் பயிற்சிப் பட்டம் பெற்றவர்கள் மேல்வகுப்புகளையும், பள்ளியிறுதிக்குப் பின் பயிற்சி பெற்ற இடைநிலை ஆசிரியர்கள் கீழ்வகுப்புகளையும் நடத்தினர். தமிழ்ப் பண்டிதர், டிரில் மாஸ்டர், டிராயிங் மாஸ்டர், கைத்தொழில் ஆசிரியர் ஆகியோர் தனி வரிசையினர். புலமையில் மதிக்கப்பட்ட பண்டிதரின் சம்பளமும் பதவியும் பட்டதாரி ஆசிரியருடையவற்றை எட்டாமலிருந்தது அக்காலத்தின் நீண்ட குறை. 1929இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழ்க் கல்விக்குச் சிறப்பிடம் தந்து, வித்துவான், புலவர் பட்டம் பெற்ற பலரை உருவாக்கியதால், இவ்வட்டாரப் பள்ளிகளுக்குத் தமிழாசிரியர் பஞ்சம் நேரவில்லை.

மானியப் பள்ளி ஆசிரியரின் வாழ்வு நிர்வாகத்தின் விருப்பத்தைச் சார்ந்திருந்தது. பணிப் பாதுகாப்பும் உரிய நாளில் சம்பளமும் ஆசிரியர் சங்கங்களின் முதன்மைக் கோரிக்கைகளாக இருந்தன. சேமநிதி, காப்பீடு, ஓய்வூதியம் ஆகிய மூன்றையும் இணைத்து 1955இல் அறிமுகமான முப்பலன் திட்டம், அரசு ஊழியர் அல்லாத ஆசிரியர்க்கும் முதுமைக்கால வருவாயை உறுதிசெய்ததால் பெரும் மாற்றமாகக் கருதப்படுகிறது. நிர்வாகங்களின் அதிகாரத்தைச் சட்டத்தால் வரையறுத்த தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் 1970களின் முற்பகுதியில் இயற்றப்பட்டது.

ஆண்டாய்வு, அதாவது கல்வித்துறை அலுவலரின் ‘இன்ஸ்பெக்‌ஷன்’, ஆசிரியர், மாணவர் இருவரையும் ஒருங்கே அச்சுறுத்திய நிகழ்வாகும். அதற்கு முந்தைய வாரத்தில் சுவர்களுக்கு வெள்ளையடித்து, பரணில் கிடந்த நிலப்படங்களை இறக்கித் தூசி தட்டி, பாடக்குறிப்பேடுகளை நிறைவு செய்து, விடை நன்கறிந்த மாணவர்களை முன்பெஞ்சில் அமர்த்துவது பொதுவான வழக்கம்.

மாணவர் வாழ்க்கை

விழுப்புரம்–மாயவரம் மீட்டர்கேஜ் இருப்புப்பாதை இப்பள்ளிகளின் எல்லையை விரித்தது. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை ஆகிய நிலையங்களைச் சூழ்ந்த ஊர்களின் பிள்ளைகள் சீசன் டிக்கெட்டில் கடலூருக்கோ சிதம்பரத்துக்கோ வந்து படிக்க முடிந்தது. இருப்புப்பாதை இல்லாத ஊரினர் நடந்தோ, பின்னாளில் சைக்கிளிலோ வந்தனர். தூக்குச் சட்டியில் கொண்டுவந்த பழைய சோறோ புளிச்சோறோ அவர்களின் பகலுணவு.

தொங்கவிட்ட தண்டவாளத் துண்டைப் பியூன் அடித்ததும் இறைவணக்கம். அதன்பின் வருகைப் பதிவு. அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் மாணவர் தாம் தேர்ந்த பாடத்துக்கேற்ப மணிக்கொரு அறைக்கு மாற, ஆசிரியர் தம் அறையிலேயே இருந்தார். இங்கோ ஒரு பிரிவு மாணவர் நாள் முழுவதும் ஒரே அறையில் அமர்ந்திருக்க, ஆசிரியர்களே மாறி வந்தனர். அனைவருக்கும் ஏறத்தாழ ஒரே பாடம், முடிவில் வெளியார் திருத்தும் ஒரே தேர்வு என்ற அமைப்பின் இயல்பான விளைவு அது. பிரம்பு ஒழுங்கின் ஏற்கப்பட்ட கருவியாக இருந்தது; மகனைச் சேர்க்க வரும் தந்தை, கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுமாறு ஆசிரியரிடம் சொல்வது வழக்காகவே நிலவியது. சாரணர் இயக்கம், 1948இல் உருவான தேசிய மாணவர் படை, சடுகுடு, கால்பந்து, இலக்கிய மன்றப் பேச்சுப் போட்டி ஆகியவை பாடத்துக்கு வெளியிலான வாழ்வை நிரப்பின. சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனமும் மார்கழித் திருவாதிரையும், கடலூரில் மாசி மகமும், ஐப்பசி, கார்த்திகைப் புயல்மழையும் பள்ளிக்கு விடுமுறை தந்தன.

பெண்கள் பெரும்பாலும் திருப்பாதிரிப்புலியூர் புனித அன்னாள் பள்ளி போன்ற தனிப் பள்ளிகளில் பயின்றனர். பருவமெய்தியதும் படிப்பை நிறுத்தும் வழக்கம் 1950களிலும் பரவலாக நீடித்ததால், கீழ்வகுப்பில் நிறைந்திருந்த பெண்கள் ஆறாம் பாரத்தில் சிலராகச் சுருங்கினர்.

மொழி

ஆங்கிலத்தில் நடந்துவந்த உயர்வகுப்புப் பாடங்கள் 1930களின் இறுதியிலிருந்து படிப்படியாகத் தமிழுக்கு மாறின. இம்மாற்றத்தைக் கடினமாக உணர்ந்தவர்கள் மாணவர்களைவிட ஆசிரியர்களே. கல்லூரியில் ஆங்கிலத்தில் கற்ற அறிவியலையும் கணிதத்தையும் புதிய கலைச்சொற்களைக் கொண்டு விளக்க வேண்டியிருந்ததால், பலர் இரு மொழிச் சொற்களையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாடம் நடத்தினர். பயிற்றுமொழி தமிழானதே எழுத்தறிவற்ற பெற்றோரின் பிள்ளைகளுக்கு மேல்வகுப்பை எட்டும் தொலைவில் வைத்தது. ஆனால் கல்லூரி வகுப்புகள் ஆங்கிலத்திலேயே தொடர்ந்தமையால், அதே மாணவர்கள் அடுத்த படியில் தடுமாறினர்.

1938இல் இந்தி கட்டாயப் பாடமாக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பால் அந்த ஆணை 1940இல் விலக்கப்பட்டது. 1965 ஜனவரியில் இந்தி ஆட்சிமொழியாவதை எதிர்த்த போராட்டத்தில், 27ஆம் தேதி சிதம்பரத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் உயிரிழந்தார். மாநிலம் முழுவதும் பள்ளிகளும் கல்லூரிகளும் மூடப்பட்டன. 1967இல் கல்வியமைச்சரான இரா. நெடுஞ்செழியன் அதே பல்கலைக்கழகத்தில் பயின்றவர். அவர் அங்கம் வகித்த அரசு 1968இல் தமிழும் ஆங்கிலமும் மட்டும் கொண்ட இருமொழிக் கொள்கையை ஏற்றதும், பாடவேளையில் பின்னர் மீண்டும் இடம்பெற்றிருந்த இந்தி நீங்கியது.

கட்டணமும் சேர்க்கைப் பெருக்கமும்

மாதந்தோறும் கட்டவேண்டிய கட்டணம் பேச்சுவழக்கில் ‘பள்ளிக்கூடச் சம்பளம்’ எனப்பட்டது. பிற்படுத்தப்பட்ட வகுப்பினர்க்கு அரைச் சம்பளச் சலுகையும் ஆதிதிராவிடர்க்கு உதவித்தொகையும் இருந்தபோதிலும், கெடு தவறியவர் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படுவது அரிதன்று. கு. காமராசர் ஆட்சியில் (1954–1963) தொடங்கிப் படிப்படியாக விரிந்த கட்டண விலக்கு, எம். பக்தவத்சலம் ஆட்சியில் பள்ளியிறுதி வகுப்புவரை அனைவருக்கும் உரியதாயிற்று. பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள், பெஞ்சு, கரும்பலகை, கட்டடம் ஆகியவற்றை ஊர்மக்களின் நன்கொடையாகப் பெற்றுத்தந்தன. பெரிய கிராமங்களிலும் உயர்நிலைப் பள்ளிகள் தோன்றியதால் நகரப் பள்ளிகளின் தனியுரிமை குறைந்தது.

அமெரிக்க முன்மாதிரியும் 1978ஆம் ஆண்டு மாற்றமும்

ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952–53இல் செயல்பட்ட இடைநிலைக் கல்விக் குழுவில் அமெரிக்கக் கல்வியாளர் ஒருவரும் உறுப்பினராக இருந்தார். தொழில்நுட்பம், வணிகம், வேளாண்மை, மனையியல் முதலிய ஏழு பிரிவுகளை ஒரே கூரையின் கீழ் வழங்கும் பல்நோக்குப் பள்ளிகளை அக்குழு பரிந்துரைத்தது. ஊர்ப் பிள்ளைகள் அனைவரையும் சேர்த்து, அவரவர் விருப்பப் பாடத்தைத் தரும் அமெரிக்கப் பள்ளியின் சாயல் இதில் தெரிகிறது. பட்டறைக்கும் பயிற்சி பெற்ற ஆசிரியர்க்கும் போதிய பணம் இல்லாமையாலும், கல்லூரிக்கும் குமாஸ்தா வேலைக்கும் வழிகாட்டிய பாடங்களையே பெற்றோர் நாடியதாலும், இப்பிரிவுகள் பெரும்பாலான பள்ளிகளில் தையல், நெசவு, தட்டச்சு போன்ற ஓரிரண்டோடு நின்றன.

1964–66இல் செயல்பட்ட கோத்தாரிக் குழு பரிந்துரைத்த 10+2+3 அமைப்பைத் தமிழ்நாடு 1978இல் செயற்படுத்தியது. பதினோராண்டுப் பள்ளியிறுதித் தேர்வு பத்தாம் வகுப்புக்கு இறங்கியது; கல்லூரியிலிருந்த புகுமுக வகுப்பு நீங்க, மேல்நிலை வகுப்புகள் பள்ளிகளிலேயே அமைந்தன; கடலூர், சிதம்பரத்தின் பழைய உயர்நிலைப் பள்ளிகள் மேல்நிலைப் பள்ளிகளாயின. கட்டணமும் மொழியும் முன்போல் வாயிலை அடைக்காத அந்நிலையில், ஒரு பொதுத்தேர்வு இருந்த இடத்தில் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலுமாக இரண்டு பொதுத்தேர்வுகள் அமைந்தன. கல்லூரி இடத்தைத் தீர்மானிக்கும் பொறுப்பு எஸ்.எஸ்.எல்.சி.யிடமிருந்து ‘பிளஸ் டூ’வுக்கு மாறியது.