காப்புரிமை

காப்பு, உரிமை இரண்டும் சேர்ந்த சொல். திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதும், நூலின் தலையில் காப்புச் செய்யுள் வைப்பதும் இதே காப்புதான். தீங்கு அண்டாமல் காப்பது. ஆங்கிலத்தின் ‘பேட்டன்ட்’ பிறந்த இடம் வேறு. ‘திறந்திருத்தல்’ என்னும் பொருள்கொண்ட இலத்தீன் வினை அது. அந்நாளில் அரசர் உரிமை வழங்கும் மடலை முத்திரை மூடி ஒட்டாது, அடியில் தொங்கும், யாரும் படிக்கலாம். அந்தத் திறந்த மடலுக்குத்தான் முதலில் அப்பெயர்.

இரண்டு பெயரும் பொருத்தமே. கண்டுபிடித்தவர் செய்முறையை ஊரறிய எழுதிக் கொடுக்க வேண்டும். பதிலுக்கு, குறிப்பிட்ட காலம்வரை பிறர் அதைச் செய்யாமல், விற்காமல் தடுக்கலாம். தமிழ்ச்சொல் இந்தப் பின்பாதியை மட்டும் சொல்கிறது.

காப்பு நாட்டெல்லையோடு நின்றுவிடும். 1873இல் வியன்னாவில் நடந்த பன்னாட்டுக் கண்காட்சிக்கு அயல்நாட்டுக் கண்டுபிடிப்பாளர் சிலர் வர மறுத்தார்கள். காட்டினால் களவுபோகும் என்ற பயம். அந்தப் பயத்தைப் போக்க 1883இல் பாரிஸ் உடன்படிக்கை பிறந்தது. ஓர் உறுப்பு நாட்டில் விண்ணப்பித்தவர் 12 மாதத்துக்குள் இன்னொன்றில் விண்ணப்பித்தாலும் முதல் தேதியே கணக்கு. 1995இல் நடைமுறைக்கு வந்த, அறிவுசார் சொத்துரிமை பற்றிய டிரிப்ஸ் ஒப்பந்தம், காப்பு விண்ணப்ப நாளிலிருந்து குறைந்தது 20 ஆண்டு என்றது. மருந்தின் செய்முறைக்கு மட்டும் காப்புரிமை தந்துவந்த இந்தியா, இதே ஒப்பந்தத்தால் 2005 முதல் மருந்துக்கே தர வேண்டியதாயிற்று.

‘உலகக் காப்புரிமை பெற்றது’ என்று விளம்பரம் செய்பவர்கள் உண்டு. அப்படியொன்று கிடையாது. ஜெனீவாவிலுள்ள உலக அறிவுசார் சொத்து நிறுவனம் பல நாடுகளுக்கான விண்ணப்பத்தை ஒன்றாக வாங்கிக்கொள்ளும்; கொடுப்பதும் மறுப்பதும் அந்தந்த நாட்டு, வட்டார அலுவலகங்களே.