ஐந்து முக்கின் கழிவறைக் குழிகள்

1991இல் நியூயார்க்கின் ஃபோலி சதுக்கத்தில் புதிய நீதிமன்றம் கட்ட நிலத்தைத் தோண்டினார்கள். மண்ணுக்கடியில் பழைய நிலவறைகளும் தூர்ந்த கழிவறைக் குழிகளும் தென்பட்டன. அவற்றிலிருந்து ஏறத்தாழ 8,50,000 பொருள்களை வெளியே எடுத்தார்கள். பீங்கான் தட்டுகள், குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்கள், புகைக்குழாய்கள், தையல்காரர் வீசிய துணி நறுக்குகள், பொத்தான்கள், ஊசிகள். அமெரிக்காவிலேயே கொடிய குற்றப் பேட்டை என்று பெயர் வாங்கிய ‘ஃபைவ் பாயின்ட்ஸ்’ அங்கேதான் இருந்தது. நம் பேச்சில் சொன்னால் ஐந்து முக்கு.

அந்தப் பேட்டையின் கதை ஒரு ஏரியில் தொடங்குகிறது. நகரத்துக்குக் குடிநீர் கொடுத்த ஏரி அது; ‘கலெக்ட் பாண்ட்’ என்று பெயர். தோல் பதனிடுவோரும் கசாப்புக்காரர்களும் பீர் காய்ச்சுவோரும் கரையில் தொழில் செய்து, கழிவை அதிலேயே கொட்டினார்கள். நாற்றம் தாங்காமல் 1811 வாக்கில் ஏரியை மண் போட்டு மூடி, மேலே தெரு போட்டார்கள். ஆனால் அடியில் ஊற்று இருந்தது. வீடுகள் அமிழ்ந்தன, சுவர்கள் சாய்ந்தன, நிலவறைகளில் நீர் கசிந்தது. வசதி உள்ளவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனார்கள். காலியான வீடுகளை அறை அறையாகத் தடுத்து ஒண்டுக்குடித்தனமாக்கி வாடகைக்கு விட்டார்கள். உரிமையாளரிடம் குத்தகைக்கு எடுத்து உள்வாடகைக்கு விடும் இடைத்தரகர்களும் இதில் காசு பார்த்தார்கள். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினத்தவரும், 1845க்குப் பிறகு உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறிய அயர்லாந்துக்காரர்களும் அங்கே வந்து சேர்ந்தார்கள். வேறு எங்கே போவார்கள்?

1842இல் சார்ல்ஸ் டிக்கன்ஸ் போலீஸ் துணையோடு அந்தச் சந்துகளைச் சுற்றிப் பார்த்துத் தன் பயணப் புத்தகத்தில் எழுதினார். அதற்குப் பிறகு, ஏழைகள் வாழும் விதத்தைப் பார்க்கப் பணக்காரர்கள் அங்கே வருவது வழக்கமானது. அவர் அங்கே ஒரு கறுப்பின இளைஞரின் நடனத்தைக் கண்டு வியந்ததையும் அதே புத்தகத்தில் எழுதியிருக்கிறார். ஆப்பிரிக்கத் தாளமும் அயர்லாந்துக் கால்வரிசையும் பக்கத்துப் பக்கத்துக் குடித்தனங்களில் கலந்து, பிற்காலத்து ‘டாப்’ நடனத்துக்கு வழிவிட்டன. அதைப் பேச ஆளில்லை. கொலைக்கதைகள்தாம் ஊரெல்லாம் பரவின.

அவற்றில் பெரியது ‘ஓல்டு புரூவரி’ கதை. பழைய பீர் ஆலையான அந்தக் கட்டடத்தில் 1837 முதல் குடித்தனங்கள் இருந்தன. 1852இல் ஒரு மெதடிஸ்ட் பெண்கள் சங்கம் அதை வாங்கி இடித்தது. பதினைந்து ஆண்டுகளாக இரவுக்கு ஒரு கொலை அங்கே விழுந்தது என்று 1927இல் ஹெர்பர்ட் ஆஸ்பரி என்ற எழுத்தாளர் எழுதினார். கணக்குப் பார்த்தால் 5,000க்கு மேல்! முழு நியூயார்க் நகரத்திலும் அந்தக் காலத்தில் அத்தனை கொலைகள் நடக்கவில்லை. இருந்தும் அந்த வரி இன்றுவரை புத்தகம் விட்டுப் புத்தகம் தாவிக்கொண்டிருக்கிறது. எனக்கு இதில் மிகவும் வருத்தம். அந்த வீட்டில் குடியிருந்தவர்கள் எல்லோரையும் அது கொலைகாரர்களாக்கிவிட்டது.

வன்முறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1857 ஜூலை 4 அன்று ‘டெட் ராபிட்ஸ்’, ‘பௌரி பாய்ஸ்’ கோஷ்டிகள் தெருவில் மோதிப் பலர் செத்தார்கள். அந்த ஆண்டில் நகரப் போலீஸைக் கலைத்துவிட்டு மாநில அரசு தன் போலீஸை இறக்கியிருந்தது. சில வாரங்களுக்கு முன்புதான் இரண்டு போலீஸும் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டிருந்தன. தெருவை அடக்க ஆளில்லாத நேரம் அது.

குழிகளில் கிடைத்ததற்கு வருவோம். ஒரு விபச்சார விடுதியின் குழியில் சிசுக்களின் எலும்புகள் கிடந்தன. அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் மற்றக் குழிகளில் பூப்போட்ட இங்கிலாந்துப் பீங்கான்கள் வந்தன. மதுவிலக்குக்காக ஊர் ஊராகப் போன அயர்லாந்துப் பாதிரியார் மேத்யூவின் படம் போட்ட கோப்பை ஒன்றும் வந்தது. 1850இல் தொடங்கிய எமிக்ரன்ட் சேமிப்பு வங்கியின் பேரேடுகளும் இந்தப் பொருள்கள் காட்டும் குடும்ப வாழ்க்கைக்குச் சான்று சொல்கின்றன. செருப்புக்கும் துணிக்கும் அல்லாடியவர்கள் என்று உலகம் நினைத்த ஐந்து முக்குக் குடும்பங்கள் அதில் டாலர் டாலராகச் சேமித்திருக்கின்றன.

தோண்டியெடுத்த பொருள்களை ஆய்வுக்குப் பிறகு உலக வர்த்தக மையத்தின் 6ஆம் எண் கட்டடத்து நிலவறையில் வைத்திருந்தார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று அவை அழிந்தன. ஒரு கண்காட்சிக்காக இரவல் கொடுத்திருந்த 18 பொருள்கள் மட்டும் தப்பின.