மரியம்மாளும் மாரியம்மாளும்

நம் சேரிகளில் கத்தோலிக்கக் குடும்பங்களோடு வேலை செய்கிறவர்களுக்கு இது புதிதல்ல. கோவில் பதிவேட்டில் மரியம்மாள், பள்ளிச் சான்றிதழில் மாரியம்மாள். ஒரு நெடிலில் மதம் மாறிவிடுகிறது. வீட்டுக்குள் கூப்பிட மூன்றாவதாக ஒரு பெயர் இருக்கும். இதை 'ஏமாற்று' என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் இருக்கும் வரலாற்றை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்றது அதன் மூன்றாம் பத்தி. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றுவரை வெளியே. தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். சில கல்விச் சலுகைகளை மாநில அரசு கொடுக்கிறது, சரி. ஆனால் தனித்தொகுதி கிடையாது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கிடையாது. அடித்தவன் சாதி பார்த்துத்தான் அடிக்கிறான், சட்டம் மட்டும் மதம் பார்க்கிறது.

சரி, கோவிலுக்குள்ளாவது சாதி இல்லையா? 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, பிராமணத் துறவிபோல வாழ்ந்து மறை பரப்பினார். பின்னால் ஒடுக்கப்பட்ட சாதிகளுக்கென்று பண்டாரசாமிகள் தனியாக வந்தார்கள். சாமியாரிலேயே இரண்டு வகை! வடக்கன்குளத்தில் வெள்ளாளரையும் நாடாரையும் பிரிக்கக் கோவிலுக்குள்ளேயே சுவர் இருந்தது. 1910இல்தான் அதை இடித்தார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துச் சுவரோ செத்த பிறகும் நம்மைப் பிரித்தது. 1960களில் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு லத்தீன் பூசை தமிழுக்கு மாறியது. பாட்டிகளுக்கும் பூசை புரிந்தது. தேர் மட்டும் பல ஊர்களில் நம் தெருவுக்கு வரவில்லை, திருவிழா வரியும் நம்மிடம் வாங்கவில்லை. வரி வாங்கினால் உரிமை கொடுக்க வேண்டுமே! 2008 மார்ச்சில் எறையூரில், தனிப்பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கரின் வீடுகள் தாக்கப்பட்டன. தாக்கியவர்களும் அதே மாதாவைக் கும்பிடுகிறவர்கள்தான்.

இத்தனைக்கும் நடுவில் இரவானால் நம் வீடுகளில் ஜெபமாலை நடக்கத்தான் செய்தது. எழுத்துத் தெரியாத அம்மாக்கள் மாதா பிரார்த்தனையை மனப்பாடமாகச் சொன்னார்கள், பிள்ளைகள் தூக்கத்தில் பதில் சொன்னார்கள். சாமியார் பேசாததையெல்லாம் அவர்கள் மாதாவிடம் நேரில் பேசினார்கள். இதை வெறும் பக்தி என்று ஒதுக்கினால் நம் ஆய்வில்தான் ஓட்டை. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது பலர் அதிர்ந்தார்கள். நம் பெண்களுக்கு அதில் அதிர்ச்சி இல்லை, தெரிந்த கதை.

இப்போது கதை இன்னும் இறுகியிருக்கிறது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், ஞானஸ்நானம் பெற்றுத் தொடர்ந்து கோவிலுக்குப் போகிறவர் சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்று எங்களிடம் கேட்கிற இளம் தாய்மார்கள் இருக்கிறார்கள். பெயரைப் பதிவேட்டில் எழுதாமல் தலையில் தண்ணீர் மட்டும் ஊற்றச் சாமியார் சம்மதிப்பாரா என்று கேட்டார் ஒருவர். பக்கத்தில் அவருடைய மாமியார், கையில் ஜெபமாலையோடு, எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.