ஒழுகிய குழாயும் பாதிப் பணமும்

1930-களின் தொடக்கம். பாலஸ்தீனத்தில் நீர்ப் பொறியாளராக இருந்த சிம்கா பிளாஸிடம் ஒரு விவசாயி ஒரு மரத்தைக் காட்டினார். வரிசையில் மற்றவை சோனியாக நிற்க, அது மட்டும் நெடுநெடுவென வளர்ந்திருந்தது. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. தோண்டிப் பார்த்தால், மண்ணுக்குள் குழாய் இணைப்பு ஒன்று சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. பிளாஸ் அதை மறக்கவில்லை. ஆனால் அந்த ஒழுகலை வயலுக்குக் கொண்டுபோக ஏற்ற பொருள் அப்போது கையில் இல்லை.

உலகப் போர் முடிந்து பிளாஸ்டிக் மலிந்தது. நுண்துளை போட்டால் அடைத்துக்கொண்டது. அதனால் அகலமான பாதையையே நீளமாகச் சுருட்டி, நீர் உரசி உரசி வேகமிழந்து சொட்டும்படி செய்தார் பிளாஸ். 1965-இல் இஸ்ரேலின் ஹட்ஸெரிம் கூட்டுப்பண்ணை அதைத் தயாரிக்க ஒப்பந்தம் போட்டது. நுட்பம் ஜெயித்தது. வாங்குவது யார்?

இந்தியாவில் கோவை வேளாண் பல்கலைக்கழகம் இந்தச் சொட்டுநீர் முறையை 1970-களிலேயே சோதித்துப் பார்த்தது. தண்ணீர் மிச்சமானது, விவசாயிகளோ தயங்கினார்கள். அவர்கள் கணக்கில் தப்பே இல்லை. ஒருவர் கடன்பட்டு மிச்சம் பிடிக்கும் நீர் அவர் கிணற்றோடு நிற்காது, ஊர் நிலத்தடி முழுக்கப் பரவும். செலவு அவருக்கு, பலன் எல்லோருக்கும். அப்படியானால் எல்லோரும்தானே பங்கு போட வேண்டும்? 1981-இல் வேளாண்மையில் பிளாஸ்டிக் பயன்பாட்டுக்கென ஒரு தேசியக் குழு வந்தது. அதை அமைத்தது வேளாண் அமைச்சகம் அல்ல, பெட்ரோலியமும் ரசாயனமும் பார்த்த அமைச்சகம்! அப்போதும் பெரிய தொகை வரவில்லை.

2004 ஜனவரியில் அப்போதைய ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு தலைமையிலான பணிக்குழு, சொட்டுநீர்ப் பாசனத்துக்கு நாடு தழுவிய திட்டம் வேண்டும் என்று அறிக்கை தந்தது. மே மாதம் ஆந்திராவில் அவர் ஆட்சி போனது. டெல்லியிலும் ஆட்சி மாறியது. அறிக்கை அலமாரியில் தூங்கப்போகிறது என்றே தோன்றியது.

தூங்கவில்லை. எதிரணி அரசே 2006 ஜனவரியில் திட்டத்தைத் தொடங்கியது. செலவில் மத்திய அரசு 40 சதவீதம், மாநிலம் 10, விவசாயி 50. 2015-இல் அது பிரதமரின் பாசனத் திட்டத்துக்குள் சேர்ந்தது.

புதுச்சேரியின் சேதராப்பட்டுப் பக்கம் செம்மண் கொல்லைக்குக் கறுப்புக் குழாய் வேண்டுமென்றால் உழவர் உதவியகத்தில் மனுக் கொடுக்கும் சொட்டுநீர் மானியம் இப்படிப் பிறந்ததுதான். மத்தியத் திட்டக் கணக்கில் சிறு, குறு விவசாயிக்கு 55 சதவீதம், மற்றவர்களுக்கு 45. பக்கத்திலேயே இருக்கும் தமிழ்நாட்டு வானூர் வட்டத்தில், மாநில அரசும் கைப்பணம் சேர்த்து அதை 100, 75 ஆக்கியிருக்கிறது. பட்டா எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து மானியம் மாறலாம். இரு பக்கத்து போர்வெல்களும் இழுப்பது ஒரே நிலத்தடி நீரை. மானியமும் ஒன்றாக இருப்பதே நியாயம். குழாயை எலி கடித்தால், சொட்டுவாயில் உப்பு அடைத்தால், அந்தச் செலவு இரு பக்கத்திலும் விவசாயியுடையதுதான்.